எல்லை வரை இலவச பஸ்

முதல் தேர்தலில் வாத்தியார் கரும்பலகையோடு போனார். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். நகராட்சித் தலைவராக வந்தால் ஊருக்கு நாலு நல்ல காரியம் செய்யலாம் என்று நினைத்தார். தெருமுனைக் கூட்டங்களில் பலகையைச் சுவரில் சாய்த்து, ஒரு பக்கம் நாற்காலியும் மறுபக்கம் தக்காளியும் வரைந்தார். நம் ஊர்ப் பட்டறைகளில் நல்ல நாற்காலி செய்கிறார்கள், நம் மண்ணில் தக்காளிதான் சரியாக வருவதில்லை. பக்கத்து ஊரில் தக்காளி கொட்டிக் கிடக்கிறது, உட்காரத்தான் நல்ல நாற்காலி இல்லை. நாம் நாற்காலியை விற்றுத் தக்காளி வாங்கினால் இரண்டு ஊருக்கும் லாபம் என்று விளக்கினார்.

மக்கள் மரியாதையாகக் கேட்டார்கள். "தக்காளி தத்ரூபமா இருக்கு" என்று பாராட்டினார்கள். எதிர்த்து நின்றவர் படம் எதுவும் வரையவில்லை. "வெளியூர் வண்டியை உள்ளே விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னார். வாத்தியாருக்கு டெபாசிட்டே போயிற்று. ஜெயித்தவர் சொன்னதைச் செய்யவில்லை. ஆகவே அடுத்த தேர்தலிலும் அந்த வாக்குறுதி புதிதாகவே இருந்தது.

இந்த முறை வாத்தியார் பலகையை வீட்டிலேயே விட்டுவிட்டார். "ஊர்ப் பணம் ஊருக்கே! வெளியூர்க் காய்கறி வண்டிக்குத் தடை!" என்றார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கூசியது. ஆனால் கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. ஜெயித்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள். அவள் பிறந்தது பக்கத்து ஊரில்.

"ஏங்க, என் தம்பி வண்டியும் வெளியூர் வண்டிதானே?"

"அது ஓட்டுக்காகச் சொன்னதும்மா. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"நீங்க நடத்தின பாடத்தைத்தான் மறப்பாங்க. குடுத்த வாக்கை மறக்க மாட்டாங்க."

அவள் சொன்னதுதான் நடந்தது. முதல் கூட்டத்திலேயே தீர்மானம் வந்தது. எல்லாக் கைகளும் சட்டென்று எழுந்தன. தலைவரின் கை மட்டும், மூட்டுவலிக்காரர் மாடி ஏறுவதுபோல மெல்ல எழுந்தது. விற்பனைக்காகக் காய்கறி ஏற்றிய வெளியூர் வண்டி எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. வீட்டுத் தேவைக்குக் கையில் எடுத்து வரலாம். இந்தக் கடைசி வரியைச் சேர்த்தவர் வாத்தியார். கெட்ட சட்டத்திலும் கடவுளுக்கு ஒரு ஜன்னலாவது திறந்து வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வண்டிகள் நின்றன. ஊரில் தக்காளி கிடைப்பது அரிதாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் ரோஷம் உண்டு என்பதால் அவர்கள் நாற்காலிக்குத் தடை போட்டார்கள். பட்டறைகளில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. "பார்த்தீங்களா, வெளியூர்க்காரன் எவ்வளவு கெட்டவன்னு? நாம தடை போட்டது எவ்வளவு சரி!" என்றார் பட்டறைக்காரர். அவர் நகராட்சி உறுப்பினரும்கூட. வேலை போனவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

வாத்தியார் வீட்டில் சமையலறை டப்பாக்கள் மட்டும்தான் பேசின. ஒருநாள் மனைவி ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தாள்.

"என் தம்பி எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வண்டி போட்டிருக்கானாம். தக்காளி வாங்கிட்டு வாங்க. தடை போட்டவர்தானே, நீங்களே நடங்க."

வாத்தியார் நடந்தார். கல்லுக்கு இந்தப் பக்கம் நகராட்சியின் தடைப் பலகை நின்றது. அந்தப் பக்கம், மரநிழலில், மைத்துனனின் தராசு தொங்கியது. சுற்றிலும் ஊரே கூடியிருந்தது. தலைவரைக் கண்டதும் பைகளெல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின. கூட்டத்தின் முன்னால் ஓய்வுபெற்ற தபால்காரர் நின்றிருந்தார். ஊரில் எந்த வீட்டிலும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்ல உரிமை உள்ளவர்.

"என்ன தபால்காரரே, இந்தப் பக்கம்?"

"சும்மா காத்து வாங்க வந்தேன்."

"பையில என்ன, காத்தா?"

"காத்துதான். கொஞ்சம் சிவப்பா இருக்கு."

மைத்துனன் வண்டியிலிருந்து குதித்தான். "வாங்க மாமா! உங்க புண்ணியத்துல வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது. முன்னெல்லாம் தெருத்தெருவா கத்திக்கிட்டு அலைஞ்சேன். இப்ப தெருவே என்னைத் தேடி வருது."

"விலையும் ஏறியிருக்கு போலிருக்கே மாப்ளே?"

"மத்த வண்டிக்காரங்க வேற ஊர் பார்த்துப் போயிட்டாங்க. நான் ஒருத்தன்தானே? எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த பாடம்தான் மாமா."

தபால்காரர் வாத்தியாரின் கையைப் பார்த்தார். "நீங்களும் பை கொண்டாந்திருக்கீங்களே?"

"வீட்டுல அனுப்பிச்சாங்க."

"அப்ப வீட்டுத் தேவை. சட்டப்படி சரி."

அதைக் கேட்டதும் முதுகுக்குப் பின்னால் போன பைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. திரும்பி நடக்கும்போது தபால்காரர் மூச்சிரைக்க விளக்கினார்.

"தடை ரொம்ப நல்ல காரியம் வாத்தியாரே. ஊர்ல எல்லாரும் வெளியூர்க்காரன்கிட்டயே வாங்கினா நம்ம பணம் என்ன ஆகும்?"

"நீங்க இப்ப வாங்கினீங்களே?"

"நான் ஒருத்தன் வாங்கினா ஊர் கெட்டுடுமா?"

அந்த மரத்தடியில் நின்ற ஒவ்வொருவரும் அந்த 'நான் ஒருத்தன்'தான். ஓட்டுப் போடும்போது மனிதன் ஊருக்காக நினைக்கிறான், பையை எடுக்கும்போது வீட்டுக்காக நினைக்கிறான். இரண்டிலும் அவன் நல்லவன்தான். அந்த இரண்டு நல்லவர்களுக்கும் ஒருவரோடொருவர் அறிமுகம் இல்லை, அதுதான் சிக்கல்.

வெயில் ஏற ஏற நடை நீண்டது. ஒருநாள் பட்டறைக்காரரும் தபால்காரரும் பத்துப்பன்னிரண்டு பேரோடு நகராட்சி அலுவலகத்துக்கு வந்தார்கள். எல்லைக்கல் வரை ஒரு பஸ் வேண்டும் என்றார்கள். வயதானவர்கள் நடக்க முடியாமல் தவிக்கிறார்களாம்.

வாத்தியாருக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. "பஸ் எதுக்கு? தடையை எடுத்துட்டா வண்டி வாசலுக்கே வருமே."

யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கே நியாயம்!" என்றார் பட்டறைக்காரர். "நம்ம நாற்காலியைத் தடுத்தவனோட தக்காளியை நம்ம வாசல்ல நிறுத்தி வாங்கணுமா?"

"அங்க போய் வாங்கறது பரவாயில்லையா?"

"அது நாம போறது. அவன் வர்றது இல்ல."

"தடையும் இருக்கணும், பஸ்ஸும் வேணும். அப்படித்தானே?"

"தடை அவனுக்கு, பஸ் நமக்கு. இதுல குழப்பம் எங்க வந்துச்சு?" என்றார் தபால்காரர்.

பஸ் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது. பயணம் இலவசம். ஆளுக்கு ஒரு பை. வீட்டு வரி கொஞ்சம் ஏறியது, அதற்கும் வெளியூர்க்காரர்களே காரணம் என்று பொதுவாக முடிவாயிற்று. பஸ் முதன்முதலாகக் கிளம்பிய அன்று வாத்தியாருக்குக் கைதட்டல் விழுந்தது. தடை போட்டதற்கும் அதைத் தாண்டப் பஸ் விட்டதற்கும் சேர்த்து ஒரே கைதட்டல்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோதுதான் காய்கறி அக்கா வந்தாள். சந்தை மூலையில் கடை வைத்திருப்பவள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கடையை வைத்துத்தான் மகளை நர்சுக்குப் படிக்க வைக்கிறாள். தலைவரின் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் கடையை எடுத்துக்கப் போறாங்களாம் வாத்தியாரே."

சந்தையில் ஒரு மாதம் போதிய சரக்கில்லாமல் கிடக்கும் கடையை நகராட்சி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அது பழைய விதி. சந்தை மேற்பார்வையாளர் அவளுக்குத் தேர்தல் முடிந்த மறு திங்கட்கிழமை வரை கெடு சொல்லியிருந்தார்.

"ஏம்மா, தடை போட்டதே உங்க கடைக்காகத்தானே?"

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் வித்த தக்காளி, கேரட், வெங்காயம் எல்லாம் உங்க மச்சான் வண்டியில வந்ததுதான். இப்ப ரெண்டு கட்டுக் கீரையை வெச்சுக்கிட்டு ஈ ஓட்டறேன். ஜனங்க பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு என் கடை வழியாத்தான் திரும்பறாங்க. 'பாவம் அக்கா'ன்னு வேற சொல்லிட்டுப் போறாங்க."

"நீங்களே பஸ்ல போய் வாங்கிட்டு வந்தா?"

"ஆளுக்கு ஒரு பைன்னு சட்டம் போட்டிருக்கீங்களே. ஒரு பையில கடை நடத்தறதா?"

வாத்தியார் தயங்கினார். பிறகு கேட்டுவிட்டார். "அப்ப நீங்க தடைக்கு ஓட்டுப் போடலையா?"

"போட்டேனே! ஏன் போடமாட்டேன்? வெளியூர் வண்டியைத்தானே தடுக்கச் சொன்னேன். உங்க மச்சானை யாரு தடுக்கச் சொன்னா? சொந்தக்காரரு எப்படி வெளியூர்க்காரரு ஆவாரு?"

வாத்தியார் எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியவர். இந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சட்டத்தில் இருக்கும் 'வெளியூர்க்காரன்' எப்போதும் முகமில்லாதவன். முகம் தெரிந்தவுடன் அவன் மச்சானாகிவிடுகிறான். ஊர் முழுக்க இப்படித்தான், அவரவருக்குத் தெரிந்த வண்டியை விட்டுவிட்டு மற்ற வண்டிகளுக்கு எதிராக ஓட்டுப் போட்டிருந்தது.

அந்த வாரமே தடையை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிய ஆளில்லை. இனித் தேர்தல் மேடையில் பேசி, மக்கள் மனத்தை மாற்றினால்தான் உண்டு.

சேதி கேட்டு மைத்துனன் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மாமா, ஏன் மாமா இந்த வேண்டாத வேலை? தடை பாட்டுக்கு இருக்கட்டுமே."

"டேய், உனக்காகத்தான்டா நான் இத்தனை நாளா இவரோட முகம் குடுத்துப் பேசலை" என்றாள் வாத்தியாரின் மனைவி.

"ரொம்ப நன்றிக்கா. இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்படியே இரு."

"காய்கறி அக்கா கடை போகப்போகுதுடா."

அவன் சிரிப்பு நின்றது. "அந்த மூலைக் கடையா? ஒரு மழை நாள்ல வண்டி மக்கர் பண்ணப்போ, என் மூட்டையெல்லாம் அவங்க கூரைக்குள்ளதான் கிடந்துச்சு. அவங்க நனைஞ்சுக்கிட்டு வெளியில நின்னாங்க." செருப்பை மாட்டிக்கொண்டான். "எனக்கும் பிள்ளைங்க இருக்கேக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கூட்டத்தன்று காலையில் வாத்தியார் கும்பிட்டபோது, ஜெயிக்க வை என்று கடவுளிடம் கேட்கவில்லை. கூசாமல் பேச வை என்று கேட்டார். கேட்டது கிடைத்தது.

"தடை தப்பு" என்றார் மேடையில். "அது தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அதனால தக்காளி விலை ஏறிச்சு, பட்டறையில வேலை போச்சு, யாருக்காகப் போட்டோமோ அந்தக் கடையே மூடப்போகுது. நான் வந்தா தடையை எடுப்பேன்."

எல்லோருக்கும் அவசரம். மாலை பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பலர் மடியில் காலிப்பை.

"மச்சானுக்காகப் பேசறாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"என் மச்சானே தடை வேணும்ங்கறான்!"

"கேட்டீங்களா? சொந்த மச்சானுக்கே எதிரா பேசறாரு. இவரு ஊரையா காப்பாத்துவாரு?"

கூட்டம் சிரித்தது. வாத்தியாருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

எதிர்த்து நின்றவர் மருந்துக்கடைக்காரர். "தடை தொடரும், பஸ் இரண்டாகும்" என்றார். ஓட்டு எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வாத்தியார் தோற்றார். டெபாசிட் மட்டும் தப்பியது.

"முகம் ஒண்ணும் வாடலையே" என்றாள் மனைவி, தட்டை வைத்தபடி.

"ஜெயிச்ச அன்னிக்குத்தான் வாடிச்சு."

அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். வெகுநாள் கழித்து அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலை வாத்தியார் வீட்டிலிருந்த பைகளில் பெரியதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். சட்டத்தை மாற்றும் அதிகாரம் போய்விட்டது. ஒரு பை தூக்கும் உரிமை இன்னும் இருந்தது. ஒரு பையால் கடை நிரம்பாது என்று அவருக்குத் தெரியும், கணக்குத் தெரிந்த மனிதர் அவர். ஆனாலும் போனார்.

"யாருக்கு மாமா இவ்வளவு?" என்றான் மைத்துனன்.

"காய்கறி அக்காவுக்கு."

தராசு ஒரு கணம் நின்றது. மைத்துனன் ஏற்கெனவே எடைபோட்ட தக்காளியின் மேல் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டான். "அவங்களுக்குப் பழைய விலைதான். இதைப் போய் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாமா. எல்லாரும் பழைய விலை கேப்பாங்க."

திரும்பும் பஸ்ஸில் அவரைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஓட்டுப் போடாதவர்களால் கொடுக்க முடிந்தது அதுதானே. பக்கத்து இருக்கையில் தபால்காரர்.

"இத்தனை தக்காளியா? வீட்டுல ஏதும் விசேஷமா வாத்தியாரே?"

"காய்கறி அக்கா கடைக்கு. திங்கட்கிழமைக்குள்ள கடையில சரக்கு இல்லன்னா எடுத்துக்குவாங்களாம்."

"அடப்பாவமே! அவங்க கடையில ஏன் தக்காளி இல்ல?"

வாத்தியார் வாயைத் திறந்தார். கரும்பலகை, நாற்காலி, தடை, பஸ், வரி எல்லாம் தொண்டை வரை வந்தன. பிறகு தபால்காரரின் முகத்தைப் பார்த்தார். அதில் கவலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"தீர்ந்துபோச்சாம்" என்றார்.

தபால்காரர் தன் பையைப் பிரித்து உள்ளே பார்த்தார். "எங்க வீட்டுல ரெண்டே பேரு. இதுல பாதி போதும்." அப்படியே எழுந்து நின்றுகொண்டார். "ஏம்ப்பா, காய்கறி அக்கா கடை போகப்போகுதாம்! யாருகிட்ட கூடுதலா இருக்கு? அதுக்குத்தானேப்பா தடையே போட்டோம், அவங்க கடை நல்லா இருக்கணும்னுதானே?"

பட்டறைக்காரர் முதலில் ஜன்னல் வழியே பார்த்தார். பிறகு, "வெங்காயம் ஆகுமா?" என்று கேட்டார். முன் இருக்கையில் ஒரு தாய் கேரட்டை எடுத்தாள். நடத்துனர் தன் சாப்பாட்டுப் பையைக் காலி செய்து நீட்டினார். சந்தை வாசலில் பஸ் நின்றபோது அக்காவின் கடைமுன் ஒரு குவியல் விழுந்தது. அவள் ஒவ்வொருவருக்கும் காசு கொடுக்க, பாதிப் பேர் வாங்கினார்கள், மீதிப் பேர், காசு எதற்கு என்று உரிமையோடு திட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பஸ்ஸில் பைகள் பெரிதாகியிருந்தன. அதற்கு மறுநாள் சிலர் தலையணை உறையைக் கொண்டுவந்தார்கள். அதுவும் ஒரு பைதானே. கடவுள் மனிதனைச் செய்தபோது தலைக்கு எடுத்த மண்ணைவிடக் கைக்கு நல்ல மண்ணாக எடுத்திருக்க வேண்டும். அந்தப் பஸ்ஸில் தடையை எதிர்த்தவர் ஒரே ஒருவர். ஆனால் அதைச் சுமந்து சுமந்து உடைத்தவர்கள் அத்தனை பேரும்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். கடை நிறைந்திருந்தது. தக்காளியை ஒரு விரலால் தொட்டார்.

"இது எங்கேருந்து வந்தது?"

நிறைந்த பையோடு அப்போதுதான் வந்த வாத்தியார் தூணுக்குப் பின்னால் நின்றார்.

"பஸ்ல வந்துச்சு" என்றாள் அக்கா.

"எந்தப் பஸ்?"

"நம்ம நகராட்சிப் பஸ்தான் சார். எல்லைக்கல் பஸ்."

மேற்பார்வையாளர் யோசித்தார். "நம்ம பஸ்தானே. அப்ப உள்ளூர்ச் சரக்குத்தான். நல்லதா ஒரு கிலோ போடுங்க."

அவர் போனதும் அக்கா வாத்தியாரைக் கூப்பிட்டு, அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கொட்டினாள். கடை பிழைத்த சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது.

"உங்களை மாதிரி ஒரு மனுஷரு தோத்திருக்கக் கூடாது வாத்தியாரே. அடுத்த தடவையும் நில்லுங்க. நானே வீடு வீடா வந்து ஓட்டுக் கேக்கறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தடையை எடுக்கறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. என் கடை நிக்கறதே அதனாலதான்."

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. "சரிம்மா, அந்தப் பையைக் குடுங்க" என்று காலிப்பையை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.